கொரோனா பெருந்தொற்று: சுற்றுச்சூழலுக்கும் பொருளாதாரத்துக்கும் நேர்ந்தது என்ன? – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

உலக சுகாதார நிறுவனம் கொரோனாவை 2020 மார்ச் 11 அன்று பெருந்தொற்று என்று குறிப்பிட்டது. அந்நோய்க்கான உலக அவசரநிலையை 2023 மே 5 அன்று முடித்துக்கொண்டது. இடைப்பட்ட காலத்தில் காற்றுக்கும் நீருக்கும் காட்டுக்கும் என்ன ஆயிற்று, கூலிக்கும் விலைவாசிக்கும் கடனுக்கும் என்ன ஆயிற்று என்று இன்றும் பலர் கேட்கிறார்கள். இவ்விரண்டையும் தனித்தனியாகப் பேசுவதே வழக்கமாகிவிட்டது. இங்கே அவை சேர்த்தே பேசப்படுகின்றன; 2020 ஏப்ரலில் வானத்தைத் தெளிய வைத்ததும் அன்றாடக் கூலிக்காரர் வீட்டில் உலை ஏறாமல் செய்ததும் ஒரே ஊரடங்குதான்.

ஊரடங்கின்போது காற்று உண்மையிலேயே தூய்மையானதா?

ஆம். தரையில் உள்ள அளவீட்டுக் கருவிகளும் செயற்கைக்கோள்களும் அதை ஐயத்துக்கு இடமின்றிப் பதிவு செய்துள்ளன. 2020 ஜனவரி 23 அன்று வூகான் நகரம் மூடப்பட்ட சில வாரங்களுக்குள் சீனாவின் வான்பரப்பில் நைட்ரஜன் டை ஆக்சைடு வெகுவாகக் குறைந்தது. மார்ச் 25 அன்று இந்தியா முடங்கிய பிறகு நம் நகரங்களிலும் அதுவே நடந்தது. வண்டிப் புகையிலிருந்து வரும் இந்த வாயு காற்றில் சில மணி நேரமே நிலைத்திருக்கும் என்பதால், வண்டிகள் நின்ற உடனேயே அதன் அளவும் இறங்கிவிட்டது. ஏப்ரல் தொடக்கத்தில் பஞ்சாபின் ஜலந்தர் நகரத்து மொட்டைமாடிகளிலிருந்து இமயமலையின் தௌலாதார் சிகரங்கள் வெறுங்கண்ணுக்குத் தெரிந்தன.

ஆனால் எல்லா மாசுகளும் ஒரே அளவில் குறைந்துவிடவில்லை. பி.எம். 2.5 எனப்படும் நுண்துகள்கள் வண்டிகளிலிருந்து மட்டுமல்லாமல் விறகடுப்பு, அனல்மின் நிலையம், மண்புழுதி, குப்பை எரிப்பு ஆகியவற்றிலிருந்தும் வருவதால், அவற்றின் வீழ்ச்சி இடத்துக்கு இடம் மாறுபட்டது. தரைமட்ட ஓசோன் சில நகரங்களில் கூடவும் செய்தது. வண்டிப் புகையில் உள்ள நைட்ரிக் ஆக்சைடு ஓசோனோடு வினைபுரிந்து அதைச் சிதைக்கும். அந்தப் புகை குறைந்தபோது சிதைவும் குறைந்தது. நகரக் காற்றில் ஒரு மாசைக் குறைத்தால் மற்றவை தாமாகவே குறைந்துவிடும் என்ற எண்ணம் தவறு என்பதை இவ்வளவு பெரிய அளவில் முன்பு எவரும் பார்த்ததில்லை.

அப்படியானால் புவி வெப்பமாதலும் குறைந்திருக்க வேண்டும் அல்லவா?

குறையவில்லை. 2020 ஏப்ரல் தொடக்கத்தில் உலகின் அன்றாடக் கார்பன் டை ஆக்சைடு உமிழ்வு 2019இன் சராசரியைவிட 17 விழுக்காடு வரை இறங்கியது. ஆண்டு முழுவதையும் கணக்கில் எடுத்தால் வீழ்ச்சி 5 விழுக்காட்டைச் சற்றே தாண்டியது. 2021இல் உமிழ்வு ஏறத்தாழ பழைய நிலைக்கே திரும்பிவிட்டது. கார்பன் டை ஆக்சைடின் பெரும்பகுதி நூற்றாண்டுக் கணக்கில் காற்றில் தங்கக்கூடியது. எனவே ஓராண்டு சற்றுக் குறைவாகச் சேர்ந்தாலும், முன்பு சேர்ந்ததன்மேல்தான் அது சேர்கிறது. ஹவாயின் மௌனா லோவா ஆய்வகத்தில் 2019இல் காற்றின் பத்து இலட்சம் பங்கில் ஏறத்தாழ 411 பங்காக இருந்த இந்த வாயு, 2020இல் 414 ஆயிற்று. நாசாவின் கணக்கில் 2020ஆம் ஆண்டு, அதுவரை மிக வெப்பமானதாக இருந்த 2016ஆம் ஆண்டுக்கு இணையாக நின்றது.

17 விழுக்காடு என்ற எண்ணை மறுபுறம் திருப்பிப் பார்ப்பது நல்லது. விமானங்கள் தரையிறங்கி, பள்ளிகள் மூடப்பட்டு, உலகின் பெரும்பகுதி மக்கள் வீட்டுக்குள் அடைபட்டிருந்த அந்த நாட்களிலும் 83 விழுக்காடு உமிழ்வு தொடர்ந்து நடந்துகொண்டுதான் இருந்தது. மின்சாரம், எஃகு, சிமெண்ட், உரம், வீடுகளைச் சூடாக்கும் எரிவாயு ஆகியவை தனிமனிதரின் பயணத்தோடு நின்றுவிடுபவை அல்ல. வெப்ப உயர்வை 1.5 பாகைக்குள் நிறுத்த 2020 முதல் 2030 வரை ஆண்டுதோறும் 7.6 விழுக்காடு உமிழ்வு குறைய வேண்டும் என்று ஐக்கிய நாடுகள் சுற்றுச்சூழல் திட்டம் 2019 நவம்பரில் கணித்திருந்தது. உலகமே முடங்கிய ஆண்டில்கூட அந்த இலக்கை எட்ட முடியவில்லை. மக்களை வீட்டுக்குள் அடைத்தும் பட்டினி போட்டும் காலநிலையைக் காக்க முடியாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று இல்லை. மின்சாரம் எதிலிருந்து வருகிறது, சிமெண்ட் எப்படிச் சுடப்படுகிறது என்பவை மாறினால்தான் கணக்கு மாறும்.

காற்று தூய்மையானதால் வெப்பம் கூடியது என்று சிலர் சொல்கிறார்களே, அது உண்மையா?

ஓரளவு உண்மை. நிலக்கரிப் புகையிலிருந்து உருவாகும் சல்பேட் துகள்கள் நுரையீரலுக்குக் கேடு. ஆனால் அவை சூரிய ஒளியின் ஒரு பகுதியைத் திருப்பி அனுப்புவதால் தரையைச் சற்றுக் குளிர்விக்கின்றன. அத்துகள்கள் குறைந்தபோது அந்த மறைப்பும் சிறிது விலகியது. விளைவு சிறியது, தற்காலிகமானது.

மீத்தேனின் செய்தி இதைவிடக் கவலை தருவது. 2020இலும் 2021இலும் காற்றில் மீத்தேன், முறையான அளவீடு தொடங்கிய 1980களிலிருந்து காணாத வேகத்தில் உயர்ந்தது. மழை மிகுந்த ஆண்டுகளில் சதுப்பு நிலங்களிலிருந்து வெளிவந்தது ஒரு காரணம். இன்னொரு காரணம் ஊரடங்கோடு தொடர்புடையது. காற்றில் உள்ள ஹைட்ராக்சில் என்ற மூலக்கூறுதான் மீத்தேனைச் சிதைக்கிறது. அது உருவாவதற்கு நைட்ரஜன் ஆக்சைடுகள் துணைபுரிகின்றன. வண்டிப் புகை குறைந்தபோது ஹைட்ராக்சிலும் குறைந்து, மீத்தேன் முன்னைவிட நீண்ட நாள் தங்கியது. இதனால் வண்டிப் புகை நல்லது என்று எவரும் முடிவு கட்டிவிடக் கூடாது; மீத்தேனை அது வெளிவரும் இடத்திலேயே தடுக்க வேண்டும் என்பதுதான் இதிலிருந்து எடுக்க வேண்டிய முடிவு.

ஆறுகள் தாமாகவே தூய்மையாகிவிட்டன என்ற செய்திகள்?

ஆலைக்கழிவு நின்ற இடங்களில் நீரின் நிறமும் நாற்றமும் மாறியது உண்மை. ஆனால் கங்கை உட்பட நம் ஆறுகளில் கலக்கும் கழிவில் பெரும்பகுதி நகரங்களின் சாக்கடை நீர். எல்லோரும் வீட்டிலேயே இருந்த காலத்தில் அது குறைய வழியில்லை. சென்னையின் கூவத்தையும் மதுரையின் வைகையையும் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

ஆலைகள் தொடர்பாக ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். நொய்யல் ஆற்றைக் காக்க, திருப்பூரில் விதிகளை நிறைவேற்றாத சாயப்பட்டறைகளை மூடும்படி 2011 ஜனவரியிலேயே சென்னை உயர்நீதிமன்றம் உத்தரவிட்டது. கழிவுநீரை ஒரு சொட்டும் வெளியே விடாமல் சுத்திகரித்துத் திரும்பப் பயன்படுத்த வேண்டும் என்பதே அங்குள்ள விதி. அப்படி ஒரு விதி நடைமுறையில் இருக்கும் ஆற்றில், ஆலை நின்றதும் நீரின் நிறம் மாறுகிறது என்றால், ஆலை ஓடிய நாளில் விதி மீறப்பட்டிருக்கிறது என்றே பொருள். ஊரடங்கில் தெளிந்த நீரைப் படமெடுத்து மகிழ்ந்தவர்களில் மிகச் சிலரே இந்தக் கேள்வியைக் கேட்டார்கள்.

விலங்குகளும் காடுகளும் பயன்பெற்றனவா?

சமூக ஊடகங்களில் சுற்றிய கதைகளில் பல பொய். வெனிஸ் நகரின் கால்வாயில் டால்பின்கள் வந்ததாகப் பரவிய காணொளி சார்டினியாவில் எடுக்கப்பட்டது. மனித நடமாட்டத்தின் அதிர்வு குறைந்ததை நிலநடுக்கமானிகள் உலகெங்கும் பதிவு செய்தது மட்டும் உண்மை. சில இடங்களில் அந்த இரைச்சல் பாதியாகக் குறைந்தது.

மறுபக்கம் பலருக்குத் தெரிவதில்லை. ஊரடங்குக்கு முந்தைய ஆறு வாரங்களில் 35ஆக இருந்த விலங்கு வேட்டைச் செய்திகள் ஊரடங்கின் ஆறு வாரங்களில் 88ஆக உயர்ந்தன என்று காட்டுயிர் வணிகத்தைக் கண்காணிக்கும் டிராஃபிக் அமைப்பு இந்தியாவில் கண்டறிந்தது. பெரும்பாலானவை இறைச்சிக்காக நடந்தவை; வேலை போன வீடுகளும் ஆள் குறைந்த காவலும் சேர்ந்த விளைவு அது. பிரேசிலின் அமேசானில் 2020 ஜூலையோடு முடிந்த ஓராண்டில் 10,000 சதுர கிலோமீட்டருக்கு மேலும், அடுத்த ஓராண்டில் 13,000 சதுர கிலோமீட்டரும் காடு அழிக்கப்பட்டது. சுற்றுலா வருமானத்தில் ஊதியம் பெற்றுவந்த காட்டுக் காவலர்கள் ஆப்பிரிக்காவின் பல காப்பகங்களில் வேலையிழந்தார்கள்.

முகக்கவசமும் பாதுகாப்பு உடையும் எவ்வளவு கழிவைச் சேர்த்தன?

ஒரு சாதாரண நீலநிற அறுவைசிகிச்சை முகக்கவசத்தைப் பிரித்துப் பார்த்தால், துணி போலத் தோன்றும் மூன்று அடுக்குகள் இருக்கும். மூன்றுமே பாலிபுரொப்பிலீன் என்ற பிளாஸ்டிக்தான். நடு அடுக்கு, உருக்கிய பிளாஸ்டிக்கைச் சூடான காற்றால் ஊதி நுண்ணிழையாக்கிப் படியவைத்தது. மூக்கின்மேல் படிய ஒரு மெல்லிய கம்பி, காதில் மாட்ட மீள்தன்மையுள்ள இழை. இத்தனை வகைப் பொருள்கள் ஒட்டியிருப்பதால் மறுசுழற்சிக்கு யாரும் அதை எடுப்பதில்லை. வெயிலிலும் அலையிலும் கிடந்து நைந்தால் அது நுண்பிளாஸ்டிக் இழைகளாக உதிரும்.

இந்தியாவில் இரண்டாம் அலை உச்சத்தில் இருந்த 2021 மே மாதத்தில் கொரோனா சார்ந்த மருத்துவக் கழிவு மட்டும் நாள் ஒன்றுக்குச் சராசரியாக ஏறத்தாழ 200 டன் சேர்ந்ததாக மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் கணக்கிட்டது. 2020 மார்ச்சுக்கும் 2021 நவம்பருக்கும் இடையே ஐக்கிய நாடுகளின் கூட்டு ஏற்பாட்டின் வழியாக அனுப்பப்பட்ட பாதுகாப்புக் கவசங்கள் மட்டும் 87,000 டன் என்றும், அவற்றில் பெரும்பகுதி கழிவாகியிருக்கும் என்றும் உலக சுகாதார நிறுவனம் 2022 பிப்ரவரியில் தெரிவித்தது. உலகின் மருத்துவ நிலையங்களில் 30 விழுக்காட்டுக்கு, வழக்கமான கழிவைக் கையாளவே வசதி இல்லை என்றும் அதே அறிக்கை சொல்கிறது.

விதிப்படி தொற்றாளர் வீட்டுக் கழிவு மஞ்சள் பையில் தனியே கட்டப்பட்டு, மருத்துவக் கழிவு எரிக்கும் பொது நிலையத்துக்குப் போக வேண்டும். நடைமுறையில் பல வீடுகளில் முகக்கவசம் சோற்றுப் பருக்கையோடும் காய்கறித் தோலோடும் ஒரே வாளியில் விழுந்தது. அதைக் கையால் பிரித்தவர்கள் தூய்மைப் பணியாளர்கள். அவர்களில் மிகப் பலர் ஒப்பந்தக் கூலியில் இருந்தவர்கள். நோய்வாய்ப்பட்டு விடுப்பெடுத்தால் அன்றைய கூலி கிடையாது. ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பொருள்களுக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருந்த தடையும் இக்காலத்தில் நெகிழ்ந்தது. உணவகங்கள் பொட்டலக் கடைகளாக மாறியபோது பிளாஸ்டிக் பைகளும் டப்பாக்களும் எதிர்ப்பின்றித் திரும்பி வந்தன.

பொருளாதாரம் எவ்வளவு சுருங்கியது?

2020இல் உலக உற்பத்தி ஏறத்தாழ 3 விழுக்காடு குறைந்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய மிகப்பெரிய வீழ்ச்சி அது. 25.5 கோடி முழுநேர வேலைகளுக்கு ஈடான உழைப்பு நேரம் அந்த ஆண்டில் இழக்கப்பட்டதாகப் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு கணித்தது. ஏறத்தாழ 7 கோடிப் பேர் கொடிய வறுமைக்குள் தள்ளப்பட்டார்கள் என்பது உலக வங்கியின் மதிப்பீடு.

இந்தியாவின் ஒட்டுமொத்த உள்நாட்டு உற்பத்தி 2020 ஏப்ரல் முதல் ஜூன் வரையிலான காலாண்டில், முந்தைய ஆண்டின் அதே காலாண்டைவிட 23.9 விழுக்காடு சுருங்கியதாக முதல் மதிப்பீடு வந்தது. பெரிய நாடுகளில் இதுவே மிக மோசமான வீழ்ச்சிகளில் ஒன்று.

இந்தியாவில் அடி இவ்வளவு பலமாக விழுந்தது ஏன்?

நம் உழைப்பாளர்களில் பத்தில் ஒன்பது பேர் அளவுக்கு முறைசாராத் தொழிலில் இருப்பவர்கள். நியமனக் கடிதம், மாதச் சம்பளம், சேமநல நிதி எதுவும் இல்லாத அவர்களுக்கு வேலை நின்ற நாளே வருமானம் நின்ற நாள். 2020 மார்ச் 24 இரவு 8 மணிக்கு அறிவிக்கப்பட்ட ஊரடங்கு நள்ளிரவில் நடைமுறைக்கு வந்தது. நான்கு மணி நேரத்தில் யாரும் ஊர் போய்ச் சேர முடியாது. தொடர்வண்டியும் பேருந்தும் நின்ற நிலையில் இலட்சக்கணக்கானோர் நெடுஞ்சாலைகளில் நடந்தார்கள். சிறப்பு ரயில்கள் மே 1 அன்றுதான் புறப்பட்டன. மே 8 அதிகாலையில் மகாராஷ்டிரத்தின் ஔரங்காபாத் அருகே தண்டவாளத்தில் களைத்து உறங்கிய 16 தொழிலாளர்கள் சரக்கு ரயிலில் அடிபட்டு இறந்தார்கள். தெளிந்த வானத்தின் விலையைப் பேசும்போது இதை விட்டுவிட்டுப் பேசுவது அறமாகாது.

ஊர் திரும்பியவர்களைத் தாங்கியது நூறு நாள் வேலைத் திட்டம். 2019-20இல் 265 கோடி மனித நாட்களாக இருந்த அத்திட்டத்தின் வேலை, 2020-21இல் 389 கோடியாக உயர்ந்தது. குளம் தூர்வாரியும் வரப்பு கட்டியும் மக்கள் சம்பாதித்த அந்த நாட்கள், பெருந்தொற்றுக் காலத்தில் வருமானமும் சுற்றுச்சூழலும் ஒன்றாகப் பயன்பெற்ற அரிய இடங்களில் ஒன்று.

திருப்பூர் போன்ற தொழில் நகரங்களுக்கு என்ன ஆயிற்று?

முதலில் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் கடைகள் மூடப்பட்டன. தைத்து, இஸ்திரி போட்டு, அட்டைப் பெட்டியில் அடைத்து வைத்த சரக்குக்கே ஆர்டர் ரத்து என்று மின்னஞ்சல்கள் வந்தன. ஏற்றுமதி நிறுவனத்துக்கு அது கிடங்கில் தேங்கிய சரக்கு. அதன் பின்னால் இருக்கும் நிட்டிங், சாயம், பிரிண்டிங், பவர்டேபிள், செக்கிங், மடிப்பு என்ற ஜாப் ஒர்க் கூடங்களுக்கோ, அதாவது ஒவ்வொரு கட்ட வேலையையும் கூலிக்குச் செய்து தரும் சிறு கூடங்களுக்கோ, அது வராத பில். சனிக்கிழமை தோறும் கூலி கொடுக்கும் ஊரில் ஒரு சனிக்கிழமை தவறினால் மளிகைக் கடை முதல் வாடகை வீடு வரை எல்லாக் கணக்கும் நின்றுவிடும். பிஹார், ஒடிசா, ஜார்க்கண்டிலிருந்து வந்திருந்தவர்கள் வரிசையில் நின்று ரயிலேறினார்கள்.

பிறகு பல கூடங்கள் முகக்கவசத்துக்கும் பாதுகாப்பு உடைக்கும் மாறின. தொடக்கத்தில் பாதுகாப்பு உடையை ஏறத்தாழ முழுதும் இறக்குமதி செய்த இந்தியா, சில மாதங்களில் நாள் ஒன்றுக்கு 4 இலட்சத்துக்கு மேல் தயாரிக்கும் நாடாயிற்று. தேவை மீண்டபோது வேறு சிக்கல் வந்தது: கண்டெய்னர் கிடைக்கவில்லை. 2019இல் 1,500 டாலருக்குள் இருந்த நாற்பதடிக் கண்டெய்னரின் உலகச் சராசரி வாடகை 2021 செப்டம்பரில் 10,000 டாலரைத் தாண்டியது. அதன் தொடர்ச்சியாகப் பஞ்சு விலையும் நூல் விலையும் ஏற, 2022 மே மாதத்தில் திருப்பூரின் உற்பத்தியாளர்கள் கடையடைத்து வேலைநிறுத்தம் செய்தார்கள். நோய் தணிந்த பிறகும் இரண்டு ஆண்டு அளவுக்கு அதன் அதிர்ச்சி சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியாக இறங்கி வந்துகொண்டிருந்தது.

விவசாயம் மட்டும் வளர்ந்தது என்றால், உழவர்கள் தப்பித்துவிட்டார்களா?

மற்றத் துறைகள் எல்லாம் சரிந்த 2020 ஏப்ரல்–ஜூன் காலாண்டில் வேளாண்மை 3.4 விழுக்காடு வளர்ந்தது. அந்த எண் விளைச்சலைச் சொல்கிறது, விற்பனையைச் சொல்வதில்லை. சென்னை கோயம்பேடு சந்தை தொற்றுப் பரவலுக்குப் பின் 2020 மே 5 அன்று மூடப்பட்டு, காய்கறி வணிகம் திருமழிசைக்கு மாற்றப்பட்டது. செப்டம்பர் இறுதியில்தான் கோயம்பேடு திறந்தது. கோயில் மூடி, கல்யாணம் சுருங்கியபோது மல்லிகையையும் சம்பங்கியையும் பறிக்கிற கூலிக்குக்கூட விலை கட்டவில்லை; பல இடங்களில் பூவைச் செடியிலேயே விட்டார்கள். நெல்லுக்கு அரசுக் கொள்முதல் இருந்தது. அழுகும் பொருளை விளைவித்தவர்களுக்கு அப்படி எதுவும் இல்லை.

கச்சா எண்ணெய் விலை பூஜ்யத்துக்கும் கீழே போனபோது இங்கே பெட்ரோல் விலை ஏன் குறையவில்லை?

2020 ஏப்ரல் 20 அன்று அமெரிக்க கச்சா எண்ணெயின் மே மாத ஒப்பந்தம் ஒரு பீப்பாய்க்கு மைனஸ் 37.63 டாலரில் முடிந்தது. ஒப்பந்தம் முடியும் தறுவாயில் எண்ணெயை வாங்கி வைக்கச் சேமிப்புத் தொட்டி இல்லாததால் விற்றவர்களே பணம் கொடுத்துத் தள்ளிவிட்ட நிலை அது. உலகெங்கும் எண்ணெய் இலவசமாகக் கிடைத்ததாகப் பொருளில்லை. ஆயினும் விலை மிகவும் தாழ்ந்திருந்தது உண்மை. மத்திய அரசு மார்ச்சில் கலால் வரியை லிட்டருக்கு 3 ரூபாயும், மே மாதத்தில் பெட்ரோலுக்கு 10 ரூபாயும் டீசலுக்கு 13 ரூபாயும் உயர்த்தி அந்த வேறுபாட்டை வருவாயாக எடுத்துக்கொண்டது. எண்ணெய் விலை மீண்டும் ஏறியபோது வரி உடனே இறங்கவில்லை. 2021 ஜூலையில் சென்னையில் பெட்ரோல் 100 ரூபாயைத் தாண்டியது. அவ்வாண்டு ஆகஸ்டில் மாநில அரசு தன் வரியில் 3 ரூபாய் குறைத்தது.

எரிபொருள் வரி சுற்றுச்சூழலுக்கு நல்லதுதானே என்று கேட்கலாம். மாற்று வழி இருக்கும்போது நல்லது. பேருந்தும் புறநகர் ரயிலும் நின்று, வேலைக்குப் போக இருசக்கர வண்டியைத் தவிர வேறு வழியில்லாத காலத்தில் விதிக்கப்பட்ட வரி, பயணத்தைக் குறைக்கவில்லை. பயணியின் கூலியைத்தான் குறைத்தது.

அரசுகளின் நிவாரணம் போதுமானதாக இருந்ததா?

என் கணிப்பில், உணவு விஷயத்தில் பெருமளவு ஆம். பண விஷயத்தில் இல்லை. 2020 ஏப்ரல் முதல் 2022 டிசம்பர் வரை, இடையில் சில மாதங்கள் தவிர, 80 கோடிப் பேருக்கு மாதம் 5 கிலோ தானியம் விலையின்றித் தரப்பட்டது. தமிழ்நாட்டில் அனைவருக்குமான பொது விநியோகம் ஏற்கெனவே இருந்ததால், யாருக்குத் தகுதி என்று தேடிக்கொண்டிருக்க வேண்டிய நிலை வரவில்லை. அரிசி பெறும் குடும்ப அட்டைக்கு 2020இல் 1,000 ரூபாயும், 2021 மே, ஜூன் மாதங்களில் இரண்டு தவணையாக 4,000 ரூபாயும் நியாயவிலைக் கடைகள் வழியாகவே கொடுக்க முடிந்தது.

2020 மே மாதம் அறிவிக்கப்பட்ட 20 இலட்சம் கோடி ரூபாய்த் திட்டத்தின் பெரும்பகுதி, கடன் உத்தரவாதமும் வங்கிகளுக்கான பணப்புழக்கமுமாக இருந்தது. விற்பனையே இல்லாத சிறுதொழில் முனைவோருக்குக் கடன் என்பது நாளைக்குத் தள்ளிவைத்த சுமை. ஆறு மாதக் கடன் தவணை ஒத்திவைப்பும் அப்படித்தான்: வட்டி ஓடிக்கொண்டேயிருந்தது. அந்த வட்டிக்கும் வட்டி போடக் கூடாது என்று 2021 மார்ச்சில் உச்சநீதிமன்றம் சொல்ல வேண்டியிருந்தது.

பங்குச்சந்தை மட்டும் ஏறியது ஏன்?

2020 மார்ச் 23 அன்று 26,000 புள்ளிக்கும் கீழே இருந்த சென்செக்ஸ் 2021 ஜனவரியில் 50,000 ஐத் தொட்டது. வட்டி விகிதங்கள் தாழ்ந்து பணம் மலிந்ததும், சிறு நிறுவனங்கள் இழந்த சந்தையைப் பெரிய நிறுவனங்கள் பிடித்துக்கொண்டதும் முக்கியக் காரணங்கள். சந்தை ஏறிய அதே மாதங்களில் நகை அடகுக் கடைகளில் கூட்டம் நின்றது.

இலங்கையின் நெருக்கடிக்குப் பெருந்தொற்றுதான் காரணமா?

ஒரே காரணம் அல்ல. 2019 இறுதியில் செய்யப்பட்ட பெரும் வரிக் குறைப்பும் முன்பே சேர்ந்த வெளிநாட்டுக் கடனும் இருந்தன. ஆனால் அந்நியச் செலாவணியின் ஊற்றை அடைத்தது பெருந்தொற்று. 2018இல் 23 இலட்சமாக இருந்த சுற்றுலாப் பயணிகள் 2020இல் 5 இலட்சமாகவும் 2021இல் 2 இலட்சத்துக்கும் கீழாகவும் சரிந்தார்கள்.

இங்கேதான் சுற்றுச்சூழல் என்ற பெயரில் ஒரு பெரும் தவறு நடந்தது. 2021 மே மாதத்தில் இரசாயன உரங்களின் இறக்குமதி தடை செய்யப்பட்டது. இயற்கை வேளாண்மைக்கு மாறும் திட்டம் என்று அது அறிவிக்கப்பட்டாலும், டாலரைச் சேமிக்க வேண்டிய நெருக்கடியும் உடனிருந்தது. போதுமான இயற்கை உரமோ, பயிற்சியோ, மாறுவதற்குச் சில பருவ அவகாசமோ இல்லாமல் ஒரே இரவில் வந்த அந்த ஆணையால் நெல் விளைச்சல் கடுமையாகச் சரிந்தது, தேயிலையும் அடிவாங்கியது. நவம்பரில் தடை விலக்கப்பட்டபோது பெரும்போகம் என்ற முதன்மை நெற்பருவம் கைநழுவியிருந்தது. 2022 ஏப்ரல் 12 அன்று வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்துவதை நாடு நிறுத்தியது. மலையகத் தோட்டத் தொழிலாளர்கள் பல ஆண்டுப் போராட்டத்துக்குப் பின் 2021 மார்ச்சில் நாட்சம்பளமாக 1,000 ரூபாயைப் பெற்றிருந்தார்கள். அப்போது 200 ரூபாய்க்கு அருகில் இருந்த ஒரு டாலர், ஓராண்டு கழித்து 360ஐ எட்டியது. கோதுமை மாவின் விலையும் மண்ணெண்ணெயின் விலையும் அந்த உயர்வைத் தின்றுவிட்டன. இயற்கை வேளாண்மையை விரும்புகிறவர்களே இந்த ஆணையைக் கண்டித்துப் பேச வேண்டும். அந்த நல்ல நோக்கத்தின்மீது உழவரின் நம்பிக்கையை அது பல ஆண்டுகளுக்குக் கெடுத்துவிட்டது.

நெருக்கடியைக் காரணம் காட்டிச் சுற்றுச்சூழல் விதிகள் தளர்த்தப்பட்டனவா?

பல நாடுகளில் தளர்த்தப்பட்டன. அமெரிக்காவின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2020 மார்ச் இறுதியில், மாசுக் கண்காணிப்பில் தவறும் ஆலைகள்மீது நடவடிக்கை எடுப்பதைத் தற்காலிகமாகத் தளர்த்தியது. இந்தியாவில், ஆலை, சுரங்கம் போன்ற திட்டங்களால் சூழலுக்கு நேரும் பாதிப்பை மதிப்பிடும் விதிகளை மாற்றும் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு வரைவு அறிவிக்கை, ஊரடங்கு நடப்பில் இருந்த 2020 ஏப்ரலில் அரசிதழில் வந்தது. அனுமதியின்றித் தொடங்கிய திட்டங்களுக்குப் பின்னர் அனுமதி தரும் ஏற்பாடு அதில் இருந்தது. கருத்துச் சொல்லும் காலக்கெடுவை ஆகஸ்ட் 11 வரை நீட்டித்ததோடு, வரைவை அரசமைப்புச் சட்டத்தின் எட்டாவது அட்டவணையில் உள்ள 22 மொழிகளிலும் தர வேண்டும் என்று டெல்லி உயர்நீதிமன்றம் உத்தரவிட்டது. ஆலையை ஒட்டி வாழும் ஒருவர் தமிழில் படிக்க முடியாத விதியைப் பற்றிக் கருத்துக் கேட்பது கருத்துக் கேட்பே ஆகாது.

தூத்துக்குடி ஸ்டெர்லைட் ஆலையின் நிகழ்வு இதைவிடச் சிக்கலானது. 2018 மே 22 அன்று போராட்டக்காரர்கள்மீது நடந்த துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் உயிரிழந்ததைத் தொடர்ந்து அந்தத் தாமிர ஆலை மூடப்பட்டிருந்தது. 2021 ஏப்ரலில் மூச்சுக்காற்றுக்கு நாடே ஏங்கியபோது, ஆக்சிஜன் தயாரிப்புக் கூடத்தை மட்டும் ஜூலை இறுதி வரை இயக்க உச்சநீதிமன்றம் ஏப்ரல் 27 அன்று அனுமதித்தது. உயிர் காக்கும் தேவையை எவரும் மறுக்க முடியாது. பின்வாசல் வழியாக ஆலை திறக்கப்பட்டுவிடுமோ என்ற ஊராரின் அச்சத்தையும் மறுக்க முடியாது. அனுமதிக்குக் காலவரம்பும் கண்காணிப்புக் குழுவும் விதிக்கப்பட்டதால்தான் இரண்டுக்கும் இடம் கிடைத்தது. தாமிர ஆலையைத் திறக்கக் கோரிய மேல்முறையீட்டை உச்சநீதிமன்றம் 2024 பிப்ரவரியில் தள்ளுபடி செய்தது.

மீட்சிக்குச் செலவிட்ட பணத்தில் சுற்றுச்சூழலுக்கு இடம் கிடைத்ததா?

ஐரோப்பிய ஒன்றியம் தன் மீட்பு நிதியில் ஒவ்வொரு நாடும் குறைந்தது 37 விழுக்காட்டைக் காலநிலை சார்ந்த பணிகளுக்குச் செலவிட வேண்டும் என்று நிபந்தனை வைத்தது. பாரிஸிலும் பொகோட்டாவிலும் அவசரமாகப் போடப்பட்ட மிதிவண்டிப் பாதைகள் பின்னர் நிலைத்தன. இந்தியாவில் 2020 ஜூன் 18 அன்று 41 நிலக்கரிச் சுரங்கங்களின் வணிக ஏலம் தற்சார்பின் பெயரில் தொடங்கப்பட்டது. சூரிய மின்சாரமும் இதே காலத்தில் வளர்ந்தது. இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் நடந்தன.

காடழிப்புக்கும் பெருந்தொற்றுக்கும் உள்ள தொடர்பு என்ன?

கொரோனா கிருமி மனிதருக்கு எப்படி வந்தது என்பதில் அறிவியலாளரிடையே இன்னும் ஒருமித்த முடிவு இல்லை. ஆனால் விலங்கிலிருந்து நோய் தாவும் வழி வேறு பல நோய்களில் நன்கு தெரிந்தது. 1998-99இல் மலேசியாவில் பன்றிப் பண்ணைகளை ஒட்டி மாமரங்கள் வளர்க்கப்பட்டன. பழந்தின்னி வௌவால்கள் கடித்துப் போட்ட பழத்தைப் பன்றிகள் தின்றன. பன்றியிலிருந்து நிபா கிருமி பண்ணையாளருக்கு வந்தது. நூற்றுக்கு மேற்பட்டோர் இறந்தார்கள். பத்து இலட்சத்துக்கு மேற்பட்ட பன்றிகள் கொல்லப்பட்டன. 2018இல் அதே கிருமி கோழிக்கோட்டில் தோன்றி 17 உயிர்களைக் கொண்டுபோனது.

பாலூட்டிகளிடமும் பறவைகளிடமும் இன்னும் கண்டறியப்படாத 17 இலட்சம் வைரஸ் வகைகள் இருக்கலாம் என்றும், பெருந்தொற்றைத் தடுக்க ஆகும் செலவு அதை எதிர்கொள்ள ஆகும் செலவில் நூற்றில் ஒரு பங்கு அளவே இருக்கும் என்றும் உயிரினப் பன்மைக்கான பன்னாட்டு அறிவியல் குழு 2020 அக்டோபரில் மதிப்பிட்டது. 2025 மே 20 அன்று உலக சுகாதாரப் பேரவை ஏற்ற பெருந்தொற்று உடன்படிக்கை, மனிதர், விலங்கு, சூழல் மூன்றின் நலத்தையும் ஒன்றாகக் கண்காணிக்குமாறு நாடுகளைக் கேட்கிறது. கிருமி மாதிரிகளைப் பகிரும் நாடுகளுக்குத் தடுப்பூசியிலும் மருந்திலும் என்ன பங்கு என்பதை வகுக்கும் இணைப்பு ஏற்கப்பட்ட பிறகே நாடுகள் அதில் கையொப்பமிடலாம். 60 நாடுகள் உறுதி செய்தால் அது நடைமுறைக்கு வரும்.